பூக்கடை கேட்ட பெண்

தமிழ்ச் சங்க மலரில் ஆங்கிலப் படம் ஒன்றைப் பற்றி எழுதுவானேன் என்று அன்பர்கள் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. சிலம்பும் குறளும் இருக்க, ஹாலிவுட்டில் ஆடியும் பாடியும் எடுத்த ஒரு காதல் படத்துக்கு இம்மலரில் என்ன வேலை? வேலை இருக்கிறது. நல்ல பேச்சுக் கற்கப் போன ஓர் ஏழைப் பெண், தனக்கென்று இருந்த பேச்சையும் இழந்து நின்ற கதை அது. அந்த இழப்பு எத்தகையது என்பதை, பிறந்த மண்ணை விட்டு வந்து பிற மொழியாரிடையே வாழும் நம் குடும்பங்கள் அறியும் அளவுக்குப் பிறர் அறியமாட்டார்கள். அன்றியும், அப்படத்தை நான் என் தாயாரின் பக்கத்தில் அமர்ந்து பார்த்தேன். படம் முடிந்து ஊர் திரும்பும் வழியில் அவர் கேட்ட ஒரு கேள்வி அரை நூற்றாண்டுக்கும் மேலாக என் நெஞ்சில் கிடக்கிறது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

எங்கள் ஊர் கொள்ளேகால். இன்று அது கர்நாடகத்தில் சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கிறது. 1997 வரை மைசூர் மாவட்டத்தில் இருந்தது. அதற்கும் முன்னே, 1956 வரையில், சென்னை மாநிலத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழியே மாநிலங்களைத் திருத்தி அமைத்தபோது மைசூர் மாநிலத்தோடு இணைந்தது. வட்டாரத்தில் கன்னடம் பேசுவோரே பெரும்பான்மையர். ஆதலால் அந்த மாற்றத்தைக் குறைகூற இடமில்லை. ஆயினும், பாட்டனார் காலத்தில் சத்தியமங்கலத்துப் பக்கமிருந்து திம்பம் மலைப்பாதை ஏறிப் பிழைக்க வந்த எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு அது ஒரு விந்தையான அனுபவம். முந்தின இரவு சொந்த மாநிலத்தில் படுத்தோம். மறுநாள் காலை அயல் மாநிலத்தில் கண் விழித்தோம். ஓரடி கூட எடுத்து வைக்காமலே வெளிமாநிலத் தமிழர் ஆனோம். எனக்கு அப்போது வயது பத்து.

கொள்ளேகால் என்றவுடன் அறிந்தவர்களுக்கு நினைவு வருவது பட்டு. பழைய சென்னை மாகாணத்தில் பட்டு வளர்ப்புக்குப் பேர்போன வட்டாரம் அது. சுற்றுப்புறச் சிற்றூர்களில் முசுக்கொட்டைத் தோட்டங்கள். வீட்டுத் திண்ணைகளில் புழுக்கள் கூடு கட்டுவதற்கான மூங்கில் சந்திரிகைகள். ஊருக்குள் நூல் சுற்றும் கொட்டில்களும் தறிகளும். என் தாயார் அத்தகைய கொட்டில் ஒன்றில் பட்டுக்கூட்டிலிருந்து நூலெடுக்கும் வேலை பார்த்தார். அடுப்பின்மேல் கொதிக்கும் நீரில் மஞ்சள் நிறக் கூடுகள் மிதக்கும். அவற்றின் இழை முனைகளை விரலால் தேடிப் பிடித்து, பல இழைகளை ஒன்றாகச் சேர்த்து மேலே விடவேண்டும். பின்னால் ஒருவர் இராட்டையைச் சுற்றிக்கொண்டே இருப்பார். வெந்த புழுவின் நாற்றம் எந்தச் சீயக்காய்க்கும் போகாது. அம்மாவின் விரல் நுனிகள் எப்போதும் வெளுத்து ஊறிப்போய் இருக்கும். அந்த விரல்களால்தான் எனக்குச் சோறு பிசைந்து ஊட்டினார்.

அந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு. புழு தானாக வளர்ந்து அந்துப்பூச்சியாகிக் கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளிவந்தால், இழை அறுந்துவிடும். அறுபடாத நீண்ட நூல் வேண்டுமென்றால், உயிர் உள்ளே இருக்கும்போதே கூட்டை வேகவைத்தாக வேண்டும். சிறு வயதில் இதைக் கேட்டபோது ஒன்றும் தோன்றவில்லை. பிற்காலத்தில் தோன்றியது.

எங்கள் வீட்டுத் தமிழ் கொங்குத் தமிழில் பிறந்து கன்னடத்தில் வளர்ந்தது. 'கொஞ்சம்' என்பதற்குச் 'சொல்ப' என்போம், 'சீக்கிரம்' என்பதற்குப் 'பேகா', சாப்பாடு 'ஊட்டா', கேழ்வரகுக் களி 'ஹிட்டு'. தமிழின் பகரம் பல இடங்களில் கன்னடத்தில் ஹகரம் ஆகிவிடும் என்பதை மொழி பயின்றோர் அறிவர். பால் ஹாலு, புலி ஹுலி, பல் ஹல்லு. அவ்வாறே பூவும் ஹூவு. அம்மா பூவைப் பூ என்று சொல்லி நான் கேட்டதில்லை. 'ஹூவு' என்றுதான் சொல்வார். வீட்டுக்குள் இருந்தவரை அது ஒரு குறை என்று எனக்குத் தெரியாது.

குறை என்று தெரிவித்தது நான் படிக்கப் போன கல்லூரி விடுதி. 1963-ஆம் ஆண்டு கோயம்புத்தூருக்குப் போனேன். "என் மவன் நல்ல தமிழ் படிக்கோணும்" என்று அம்மா ஆசைப்பட்டு, நூலெடுத்துச் சேர்த்த காசைக் கொடுத்து அனுப்பினார். விடுதியில் முதல் நாள் இரவு நான் வாய் திறந்த பத்து நிமிடத்துக்குள் எனக்கு ஒரு பட்டப்பெயர் கிடைத்துவிட்டது: 'ஹூவு'. அறைத் தோழர்கள் கெட்டவர்கள் அல்லர்; சிரித்தார்கள், அவ்வளவே. ஆனால் பதினேழு வயதில் அந்தச் சிரிப்பு உடம்பெல்லாம் சுடும். ஆறே மாதத்தில் என் நாவைக் கழுவித் துடைத்தேன். இரவில் விளக்கணைந்த பின் ழகரத்தையும் றகரத்தையும் முணுமுணுத்துப் பழகினேன். ஆண்டு விழாவில் மேடையேறிப் பேசியபோது, எந்த ஊர் என்று ஒருவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதைப் பெரிய வெற்றி என்று எண்ணினேன்.

இனி, செய்த குற்றத்தைச் சொல்லவேண்டும். 1965-ஆம் ஆண்டு விடுமுறையில் தோழர் மூவர் சிவசமுத்திரத்து அருவிகளைக் காண விரும்பி எங்கள் வீட்டுக்கு வந்தனர். ககனச்சுக்கியும் பரச்சுக்கியும் எங்கள் ஊருக்கு அண்மையில்தான் காவிரியிலிருந்து விழுகின்றன. அருவி பார்த்துவிட்டுப் பசியோடு திரும்பினோம். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து மலர்ந்த முகத்தோடு, "சொல்ப இருங்க சாமி, பேகா ஊட்டா ஆயிரும்" என்றார். தோழர்களில் ஒருவன் புன்னகையை மறைக்க வேறு பக்கம் திரும்பினான். நான் அதைப் பார்த்துவிட்டேன். மேடைத் தமிழில், எல்லார் காதிலும் விழும்படி, "அம்மா, 'சொல்ப' என்று தமிழில் ஒரு சொல் கிடையாது. 'கொஞ்சம்' என்று சொல்லவேண்டும்" என்றேன்.

அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தார், தலையசைத்தார். பிறகு பரிமாறினார். இன்னும் வேண்டுமா என்பதைக் கரண்டியைத் தூக்கிக் காட்டிக் கேட்டார், வாய் பேசவில்லை. அவர்கள் புறப்பட்டபோதும் கைகூப்பினாரே அன்றி ஒரு சொல் சொல்லவில்லை. அன்று முதல் வெளியூரார் எவர் வந்தாலும் அவர் அடுப்படியை விட்டு வருவதில்லை, வந்தாலும் பேசுவதில்லை. கோபம் இருந்தால் சமாதானம் செய்திருக்கலாம். அவருக்குக் கோபமில்லை. படித்த மகன் சொன்னதைச் சரியென்று ஏற்றுக்கொண்டார். அதுதான் கொடுமை. 'சொல்ப' என்பதும் நம் ஏடுகளில் காணும் 'சொற்பம்' என்பதும் ஒரே வடசொல்லின் பிள்ளைகள் என்பது கூட அப்போது எனக்குத் தெரியாது.

மூன்று ஆண்டுகள் சென்றன. நான் மைசூரில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர் வேலையில் இருந்தேன். 1968-ஆம் ஆண்டு தசரா பார்க்க அம்மா வந்திருந்தார். ஊர்வலம் முடிந்த மறுநாள், நகரத்துக் கொட்டகை ஒன்றில் 'மை ஃபேர் லேடி' ஓடிக்கொண்டிருந்தது. ஆங்கிலப் படமென்றால் உயிரை விடும் பருவம் எனக்கு. அம்மாவை அறையில் தனியே விட்டுப் போக மனமில்லாமல் உடன் அழைத்துச் சென்றேன். மகன் தாய்க்குச் செய்த உபசாரம் என்று எவரும் இதை மெச்சவேண்டாம்.

படத்தின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெர்னார்ட் ஷா எழுதிய 'பிக்மேலியன்' என்னும் நாடகமே அதன் மூலம். 1913-இல் வியன்னாவில் ஜெர்மன் மொழியில் முதலில் அரங்கேறியது. அடுத்த ஆண்டு லண்டனில் நடந்தது. ஆலன் ஜே லெர்னரும் ஃபிரெடரிக் லோவும் அதைப் பாடல் நாடகமாக்கி, 1956 மார்ச் 15-ஆம் நாள் நியூயார்க்கில் மேடையேற்றினர். எங்கள் ஊர் மாநிலம் மாறிய அதே ஆண்டு. அந்நாடகம் 2,717 முறை தொடர்ந்து நடந்தது. பிறகு ஜார்ஜ் கியூகர் இயக்க, ஆட்ரி ஹெப்பர்னும் ரெக்ஸ் ஹாரிசனும் நடிக்க, 1964-இல் வார்னர் நிறுவனம் அதைப் படமாக்கியது. ஆஸ்கார் விருதுகள் எட்டினைப் பெற்றது.

கதை லண்டனில் கோவன்ட் கார்டன் சந்தையில் தொடங்குகிறது. மழை இரவு. இசை நாடகம் பார்த்துவிட்டு வெளிவரும் செல்வர்களிடம் எலிசா என்னும் ஏழைப் பெண் வயலட் பூக்களை விற்கிறாள். தூணோரம் நின்று ஒருவன் அவள் பேசுவதை எல்லாம் எழுதிக்கொள்கிறான். போலீஸ்காரனுக்குத் துப்புக் கொடுப்பவன் என்று அஞ்சி அவள் அலறுகிறாள். அவன் ஹிக்கின்ஸ் என்னும் ஒலியியல் பேராசிரியன். ஒருவர் பேசுவதைக் கேட்டே அவர் பிறந்த இடத்தைச் சில கல் தொலைவுக்குள் குறித்துவிடும் வல்லவன். இந்திய மொழிகளை ஆராய்ந்த பிக்கரிங் என்னும் இராணுவ அதிகாரியும் அங்கே வந்து சேர்கிறார். ஆறு மாதத்தில் இவளைச் சீமாட்டி போலப் பேசவைத்துத் தூதரக விருந்தில் நிறுத்துவேன் என்று ஹிக்கின்ஸ் பெருமை பேசுகிறான்.

மறுநாள் எலிசா தானாகவே அவன் வீடு தேடி வருகிறாள். இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். அவள் சீமாட்டியாக விரும்பி வரவில்லை. தெருமுனையில் விற்பதை விட்டு ஒரு பூக்கடையில் வேலைக்குச் சேரவேண்டும் என்பதே அவள் ஆசை. பேச்சு நயமாக இல்லை என்று கடையில் சேர்க்க மறுக்கிறார்கள். ஆகவே பாடம் சொல்லித் தரக் கேட்கிறாள். இலவசமாகவும் கேட்கவில்லை, ஒரு ஷில்லிங் தருகிறேன் என்கிறாள். ஹிக்கின்ஸ் முதலில் நகைத்தாலும் பிறகு கணக்குப் போட்டுப் பார்க்கிறான். அவளுடைய ஒரு நாள் வருமானத்தில் ஐந்தில் இரண்டு பங்கு அந்த ஷில்லிங். கோடீசுவரன் ஒருவன் அறுபது எழுபது பவுன் எடுத்து வைப்பதற்குச் சமம். அந்தக் கணக்கைக் கேட்டபோது கொட்டகை இருளில் நான் என் கல்லூரிச் சம்பளத்தை நினைத்தேன். பக்கத்தில் அம்மாவின் கை, நாற்காலியின் கைப்பிடி மேல் இருந்தது.

அம்மாவுக்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. "என்ன சொல்றாங்க?" என்று மெல்லக் கேட்டார். நான் என் வழக்கமான நடையில், "அப்பெண்ணின் உச்சரிப்பைத் திருத்துவதாக அப்பேராசிரியர் கூறுகிறார்" என்று தொடங்கினேன். அம்மாவுக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன், மறுபடியும் புரியவில்லை. திரையில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. நின்று சொல் தேட நேரமில்லை. அப்போது என் வாயிலிருந்து எனக்கே தெரியாமல் வந்தது: "அவ ஹூவு விக்கற பொண்ணும்மா. பேச்சு சரியில்லேன்னு ஹூவுக் கடைல வேலைக்குச் சேத்துக்க மாட்டேங்கறாங்க. பேச்சுக் கத்துக்கலாம்னு இவன்கிட்ட வந்திருக்கா."

அம்மா சட்டென்று என் பக்கம் திரும்பினார். இருட்டில் முகம் தெரியவில்லை. "ஓ" என்றார். அதன்பின் மூன்று மணி நேரப் படத்தையும் கொள்ளேகால் பேச்சிலேயே சொல்லிக்கொண்டு வந்தேன். ஐந்தாண்டு நான் பூட்டி வைத்திருந்த சொற்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. ஹிக்கின்ஸ் நெஞ்சில் ஈரமில்லாமல் அவளை இரவு பகலாக உருப்போட வைப்பதையும், சொல்லின் தொடக்கத்தில் வரும் ஹகரத்தை அவள் விழுங்கிவிடுவதையும் சொன்னபோது அம்மா சிரித்தார். அந்தப் பெண் விழுங்கிய ஹகரத்தை எல்லாம் நாங்கள் அல்லவா வைத்திருந்தோம்! குதிரைப் பந்தய மைதானத்தில், பட்டாடை அணிந்த சீமாட்டிகள் நடுவே நயமாகப் பேசி வந்த எலிசா, குதிரை பின்தங்குவது பொறுக்காமல் தெருப் பேச்சில் கத்திவிடும் இடத்தில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். அவளுடைய ஆடைகளைத் தொழில் கண்ணால் பார்த்து, "நல்ல இழை" என்று ஒருமுறை சொன்னார்.

விருந்து வருகிறது. எலிசா அரச குடும்பத்தார் முன் நடந்து வருகிறாள். ஹிக்கின்சிடம் முன்பு பயின்ற ஹங்கேரிய நிபுணன் ஒருவன், இவள் ஆங்கிலப் பெண்ணே அல்லள், ஹங்கேரி நாட்டு இளவரசி என்று தீர்ப்புச் சொல்கிறான். காரணம், அவள் பேசும் ஆங்கிலம் அளவுக்கு மீறிச் செம்மையாக இருக்கிறதாம்! நாவைக் கழுவித் துடைத்தால் கடைசியில் வந்து சேரும் நிலை அதுதான். எந்த ஊர் என்று எவராலும் கண்டுபிடிக்க முடியாத என் மேடைப் பேச்சை நினைத்துக்கொண்டேன்.

வீடு திரும்பியதும் ஹிக்கின்சும் பிக்கரிங்கும் ஒருவரை ஒருவர் புகழ்ந்து ஆடிப் பாடுகிறார்கள். உழைத்தவள் மூலையில் நிற்கிறாள். அவளைப் பார்த்து ஒரு நல்ல சொல் சொல்வாரில்லை. எல்லாரும் போனபின் அவள் ஹிக்கின்சின் செருப்புகளை எடுத்து அவன்மேல் எறிகிறாள். "போடு!" என்றார் அம்மா, கொட்டகையில் முன்வரிசையார் திரும்பிப் பார்க்கும்படி உரக்க. அந்நியர் முன்னிலையில் மூன்று ஆண்டுகளாகக் கேளாதிருந்த குரல் அது.

விடியற்காலையில் எலிசா பழைய சந்தைக்குப் போகிறாள். கூடவே பூ விற்றவர்கள், குளிர் காய்ந்தவர்கள், எல்லாரும் அங்கே இருக்கிறார்கள். ஒருவருக்கும் அவளை அடையாளம் தெரியவில்லை. யாரோ பெரிய வீட்டு அம்மாள் என்று மரியாதையாக ஒதுங்குகிறார்கள். ஷாவின் நாடகத்தில் எலிசா இதையே வேறு விதமாகச் சொல்கிறாள்: அயல் நாட்டுக்குக் கொண்டுபோன குழந்தை தன் மொழியை மறந்து அந்நாட்டு மொழியைப் பற்றிக்கொள்வதுபோல், தானும் தன் மொழியை மறந்து ஹிக்கின்சின் மொழியை மட்டுமே பேசத் தெரிந்தவளாகிவிட்டதாகக் கூறுகிறாள். சந்தைக் காட்சியில் அம்மா கண்களைத் துடைத்துக்கொண்டார். நான் எதுவும் விளக்கிச் சொல்லவில்லை.

இறுதியில் எலிசா ஹிக்கின்ஸ் வீட்டுக்கே திரும்பி வருகிறாள். அவன் தன் செருப்பு எங்கே என்று கேட்கிறான். படம் முடிகிறது. இருவரும் மணப்பார்கள் என்று எண்ணிக்கொண்டு மக்கள் மகிழ்ச்சியோடு கலைந்தார்கள்.

கொள்ளேகாலுக்கு ரயில் கிடையாது. அன்று மாலையே அம்மாவைக் கொண்டுபோய் விட, 60 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவைப் பேருந்தில் கடந்தோம். கபினி ஆறு காவிரியோடு கலக்கும் தி. நரசிபுரம் தாண்டும்வரை அம்மா பேசவில்லை. உறங்கிவிட்டார் என்று நினைத்தேன். திடீரென்று கேட்டார்:

"ஏங்கண்ணு, அந்தப் பொண்ணு கடைசீல ஹூவுக் கடை வெச்சாளா, இல்லியா?"

"அது படத்துல வரலைங்கம்மா."

"அப்பறம் எதுக்கு அத்தனை பாடுபட்டா?"

எனக்கு விடை தெரியவில்லை. மூன்று மணி நேரம் கண்கொட்டாமல் பார்த்த நான், அந்தப் பூக்கடையை அடியோடு மறந்திருந்தேன். ஹிக்கின்சுக்குத் தன் பந்தயம் பெரிது. பிக்கரிங்குக்கு அந்தப் பந்தயத்தின் செலவு. எலிசாவின் தகப்பனுக்கு மகளைக் காட்டி வாங்கிய ஐந்து பவுன். பார்ப்பவர்களுக்கோ இருவரும் சேர்வார்களா மாட்டார்களா என்பது. அவள் ஒரு ஷில்லிங்கைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று என்ன கேட்டாள் என்பதை, ஆங்கிலம் அறியாத ஒரு நூலெடுக்கும் தொழிலாளிதான் நினைவில் வைத்திருந்தார்.

ஓராண்டு கழித்து மைசூரில் ஒரு நூலகத்தில் 'பிக்மேலியன்' நாடக நூல் கிடைத்தது. இறுதியில் ஷா எழுதிச் சேர்த்திருந்த நீண்ட பின்னுரையைப் படித்ததும் துள்ளி எழுந்தேன். லண்டனில் முதன்முதல் நடித்த நடிகர், திரை விழும் நேரத்தில் எலிசாவை நோக்கிப் பூச்செண்டு எறிந்து, காதல் என்று தோன்றும்படி செய்துவந்தார். ஷாவுக்கு அது பொறுக்கவில்லை. 1916-இல் எழுதிய பின்னுரையில் கதையின் எஞ்சிய பகுதியைத் தாமே சொல்லிவிட்டார். எலிசா ஹிக்கின்சை மணக்கவில்லை. தன்னை உள்ளன்போடு நேசித்த ஃபிரெடி என்னும் பணமில்லாத இளைஞனை மணந்தாள். பிக்கரிங் முதல் கொடுக்க, ரயில் நிலையத்தை ஒட்டிய கடைவரிசையில் பூக்கடை வைத்தாள். கணக்கெழுதத் தெரியாமல் இருவரும் தொடக்கத்தில் தடுமாறினர். இரவுப் பள்ளிக்குக் கூடப் போனார்கள். பூவோடு காய்கறியும் விற்ற பிறகே கடை நிமிர்ந்தது.

அன்றிரவே கொள்ளேகாலுக்குக் கடிதம் எழுதினேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. தங்கைதான் படித்துக் காட்டவேண்டும். அதுவரை என் கடிதங்கள் 'அன்புள்ள அன்னையார் அவர்கட்கு' என்று தொடங்கும். அன்று, "அம்மா, அந்தப் பொண்ணு ஹூவுக் கடை வெச்சுட்டாளாம்" என்று தொடங்கினேன். ஒரு வாரத்தில் தங்கையின் கையெழுத்தில் பதில் வந்தது. 'அம்மா ரொம்ப சந்தோஷப்பட்டார்கள். கடனில்லாமல் நடக்கிறதா என்று கேட்டு எழுதச் சொல்கிறார்கள்' என்றிருந்தது.

இன்னொரு செய்தியும் பின்னாளில் அறிந்தேன். மேடையில் எலிசாவாக நடித்துப் புகழ்பெற்ற ஜூலி ஆண்ட்ரூசுக்குத் திரைப்படத்தில் இடம் கிடைக்கவில்லை. அந்த இடம் பெற்ற ஆட்ரி ஹெப்பர்ன் முயன்று பயின்று பாட்டுகளைத் தம் குரலிலேயே பதிவு செய்தார். ஆயினும் படத்தில் பெரும்பாலும் ஒலிப்பது மார்னி நிக்சன் என்னும் பின்னணிப் பாடகியின் குரல். நம் திரையுலகில் பின்னணிக் குரல் இயல்பானது. பாடகியின் பெயரையும் நாம் அறிந்து போற்றுவோம். அங்கே அவ்வழக்கம் இல்லை. நிக்சனின் பெயர் படத்தில் காட்டப்படவில்லை. குரல் மாற்றப்பட்ட ஹெப்பர்னின் பெயர் ஆஸ்கார் பரிந்துரைப் பட்டியலிலும் இடம்பெறவில்லை. அவ்வாண்டின் சிறந்த நடிகை விருதை 'மேரி பாப்பின்ஸ்' படத்துக்காக ஜூலி ஆண்ட்ரூசே பெற்றார். பேச்சு மாற்றப்பட்ட பெண்ணின் கதையில் நடித்தவருக்கே குரல் மாற்றப்பட்டது. ஆனால் எல்லாமே மாற்றப்படவில்லை. எலிசா ஹிக்கின்சை மனத்துக்குள் கறுவி, இரு, உன்னைப் பார்த்துக்கொள்கிறேன் என்னும் பொருளில் சினந்து பாடும் பாட்டில், முரட்டுக் குரலில் வரும் பகுதிகள் ஹெப்பர்னுடைய சொந்தக் குரலே. அதைப் படித்தபோது, கொட்டகையில் அம்மா "போடு!" என்று உரக்கச் சொன்னது காதில் ஒலித்தது. அழகிய பாட்டுகளை இரவல் வாங்கலாம்; வயிற்றெரிச்சலை எவரிடம் இரவல் வாங்குவது?

நம் மனோரமா இதில் கொடுத்து வைத்தவர். 1968-இல் வந்த 'பொம்மலாட்டம்' படத்தில் சென்னைத் தெருத் தமிழில் அமைந்த பாட்டொன்றைத் தம் குரலிலேயே பாடினார். தமிழ்நாடே அதைப் பாடியது. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அக்காலப் படங்களில் அத்தகைய தமிழ் பெரும்பாலும் நகைச்சுவைப் பாத்திரங்களுக்கே கிடைத்தது. கதைத் தலைவி செந்தமிழிலோ நடுத்தர வீட்டுத் தமிழிலோ பேசுவாள். ஏழையின் பேச்சுக்கு நாமும் சிரிப்பைத்தான் விலையாகக் கொடுத்தோம்.

பேச்சைத் திருத்துவதே தவறு என்று நான் வாதிடவில்லை. எலிசாதானே பாடம் கேட்டு வந்தாள்? என் தாயார்தானே நல்ல தமிழ் படிக்க என்னை அனுப்பினார்? நல்ல தமிழால் எனக்கு வேலை கிடைத்தது. இந்தக் கட்டுரையும் அதனால்தான் எழுத முடிகிறது. ஹிக்கின்ஸ் செய்த பிழை கற்பித்தது அன்று. அவள் கேட்டதை மறந்ததும், அவள் கொண்டு வந்ததைக் குப்பை என்று எண்ணியதும் பிழைகள். நம் இலக்கண ஆசிரியர்கள் அப்படி எண்ணவில்லை. தொல்காப்பியர் செய்யுளுக்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தபோது, பல திசைகளிலிருந்தும் வந்து வழங்கும் சொல்லுக்குத் தனி இருக்கை அளித்தார். நன்னூலும் அதை ஏற்றது. பவணந்தியாரை நன்னூல் இயற்றச் செய்தவன் சீயகங்கன், கங்கர் குடியினன். கங்கரின் பழைய தலைநகராகிய தலைக்காடு, அன்று நானும் அம்மாவும் பேருந்தில் கடந்த தி. நரசிபுரத்துக்கு அண்மையில்தான் காவிரி மணலுக்குள் புதைந்து கிடக்கிறது. இதெல்லாம் தெரிந்த பிறகு, 'சொல்ப இருங்க' என்ற அம்மாவின் சொல்லுக்கு இலக்கண நூலில் இடம் தேடவேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை.

அம்மா இப்போது இல்லை. இறுதிக் காலத்தில் அவர் பெங்களூரில் என்னோடு இருந்தார். வீட்டுக்கு வருவோரிடம் எல்லாம் தாராளமாகப் பேசினார். நான் ஒருநாளும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவரோடு அவர் பேச்சில் பேசினேன். அவரும் அதற்கு மேல் எதையும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

இம்மலரைப் புரட்டும் பெற்றோர்களுக்கு ஒன்று சொல்வேன். நம் பிள்ளைகளின் தமிழில் கன்னடமோ மராத்தியோ ஆங்கிலமோ கலந்திருக்கும். திருத்துங்கள், ஆனால் பிறர் முன்னிலையில் வேண்டாம். குழந்தை கேட்டதற்கு முதலில் விடை சொல்லுங்கள். சொல்லைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். சிரிப்பை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள். ஒருமுறை சிரித்தால் அந்தக் குழந்தை தமிழையே அடுப்படிக்குள் கொண்டுபோய் வைத்துவிடும். பிறகு நாம் எத்தனை போட்டி வைத்துப் பரிசு கொடுத்தாலும் வெளியே வராது.

சென்ற வெள்ளிக்கிழமை என் பேத்தியோடு கடைத்தெருவுக்குப் போனேன். எங்கள் தெருமுனையில் ஒரு பெண் கூடை வைத்துப் பூ விற்கிறாள். வருவோருக்கு ஏற்பத் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் விலை சொல்வாள். ஹிக்கின்ஸ் வந்தால் குறிப்பேடு போதாது. பேத்தி மல்லிகையைக் காட்டி, "அக்கா, ஒரு முழம் ஹூவு குடுங்க. சொல்ப ஜாஸ்தி வெச்சு" என்றாள். நான் வாய் திறக்கவில்லை. அந்தப் பெண்ணும் எதையும் திருத்தவில்லை. முழங்கையை நீட்டி அளந்து, அதற்கு மேலும் ஒரு சாண் விட்டு நறுக்கி, வாழையிலையில் சுருட்டிக் கொடுத்தாள்.